கலங்கலுக்கு அடுத்த நிறுத்தம்

பிரபா யாரைப் பார்த்தாலும் முதலில் கழுத்தில் கை வைப்பாள். வாங்க, சௌக்கியமா எல்லாம் அதற்கு அப்புறம்தான். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலை ஓட்டி, காதுக்குப் பின்னால் லேசாக அழுத்தி, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மேடையேறி மொய்க்கவரைக் கொடுத்த கையோடு மாப்பிள்ளையின் கழுத்தையும் தடவிப் பார்த்துவிட்டாள். பெண் வீட்டார் அரண்டுபோய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுக்குத் தொழில் பழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க என்று நான்தான் போய்ச் சமாளித்தேன்.

அவள் என் தங்கை. புற்றுநோய் டாக்டர். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று நமக்கெல்லாம் நெறி கட்டுமே, அந்த இடங்களில் வருகிற புற்றுநோய்தான் அவளுடைய வேலை. லிம்ஃபோமா என்று அதற்குப் பெயர். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காலையில் நோயாளிகள், மத்தியானத்துக்கு மேல் ஆராய்ச்சிக்கூடம்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் இருக்கிறது. இங்கே டாக்டர் என்றால் டாக்டர். அதில் என்ன ஆராய்ச்சி, என்ன பிரிவு என்று யாரும் கேட்பதில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் லீவில் வந்தாள் என்றால் வாசலில் கூட்டம் கூடிவிடும். முட்டிவலி, சர்க்கரை, தூக்கம் வரவில்லை, மருமகள் சாப்பாடு போடுவதில்லை, எல்லாம் வரும். ஒரு பெரியவர் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சினை பிடிக்கவில்லையாம். பிரபா அவரை விரட்டவில்லை. கால்நடை டாக்டரின் நம்பரைத் தேடி எடுத்து, தானே பேசி, நாள் குறித்துக் கொடுத்து அனுப்பினாள். நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் நாற்காலி இழுத்துப் போட்டுப் போட்டு முணுமுணுப்பேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

மூன்று வருஷம் வெளிநாட்டில் இருந்து அந்த வைத்தியத்தைக் கற்றுக்கொண்டாள். அங்கேயே இருந்திருந்தால் நானும் ஒரு தடவை ஏரோப்ளேன் ஏறியிருப்பேன். திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று நானும் கேட்டேன், அப்பா வீராசாமியும் கேட்டார். அங்கே வசதி உள்ளவர்களுக்குக் கிடைக்கிற வைத்தியம் இங்கே நம்மாட்களுக்கும் கிடைக்க வேண்டும், அதற்கு இங்கேயே செய்து பார்க்க வேண்டும் என்றாள். அப்பா அத்தோடு விட்டுவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்டி இன்னாதான் ஆராய்ச்சி பண்ற நீ? புரியற மாதிரி சொல்லு."

"நாத்து வுடுறதுதாண்ணா. ஒருத்தர் ரத்தத்துலேருந்து வெள்ளை அணுவ எடுக்கறோம். உடம்புல காவல் காக்குற அணு அது. அதுக்குக் கேன்சர அடையாளம் காட்டிப் பழக்கறோம். லேப்லயே நாத்தங்கால் மாதிரி வெச்சி வளக்குறோம். வளந்ததும் கொண்டுபோய் அவங்க உடம்புலயே நடுறோம்."

"அப்டியே நட்டா புடிச்சிக்குமா?"

"நீ சேறடிச்சி சேடை ஓட்டாமயா நடுவ? அதுக்கு முன்னாடி மருந்து குடுத்து உடம்ப ஒயவு பண்ணிக்குவோம். பழைய அணுவெல்லாம் கொறஞ்சி எடம் காலியானாதான் புதுசு வேர் புடிக்கும்."

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லிவிட முடியாது. அன்றைக்குத்தான் என் தங்கை பெரிய ஆள் என்று எனக்கே தெரிந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும்.

கங்கம்மாள் வந்ததும் ஒரு பொங்கல் அன்றுதான். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஏரியின் கலங்கல் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அது வழியாகத்தான் வழியும். கலங்கலைத் தாண்டினால் கரைக்குக் கீழே இருளர் காலனி, இருபது வீடு இருக்கும். அதற்கும் அப்பால் ரைஸ் மில், அப்புறம் எங்கள் ஊர். கங்கம்மாள் அந்தக் காலனிக்காரி. எங்கள் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் வருகிறவள்தான். புருஷன் துரை செங்கல் சூளையில் வேலை செய்கிறான். அன்றைக்குக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மகள் பிரியங்காவோடு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கூட்டமெல்லாம் கலைகிற வரைக்கும் உள்ளே வரவில்லை.

பிரபாதான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். துண்டை விலக்கிக் கழுத்தில் விரலை ஓட்டினாள். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் விரல் அன்றைக்கு ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"எப்பலேருந்து கீதுக்கா இது?"

அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் தெருவில் நண்டு சிண்டுகள்கூடக் கங்கம்மாளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அவளை யாரும் அக்கா என்று அழைத்து நான் கேட்டதில்லை. பிரபா பாட்டுக்குக் கேட்டுவிட்டு, அக்குளில் கட்டி இருக்கிறதா, ராத்திரியில் வேர்க்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே போனாள்.

பயாப்ஸி செய்து பார்த்ததில் அதேதான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போவதும் கொண்டுவந்து விடுவதும் என் தலையில் விழுந்தது. என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிற பாவம். முதலில் வழக்கமான மருந்து ஏற்றினார்கள். கட்டி கரைந்தது. ஆறு மாசத்தில் திரும்பி வந்தது. அதைவிடக் கடுமையான மருந்து கொடுத்தார்கள். முடியெல்லாம் கொட்டி, சோறு இறங்காமல், பாதியாகிப்போனாள். அதற்கும் கொஞ்ச நாள் அடங்கி, மறுபடி வந்துவிட்டது. இனிமேல் ஒரே வழிதான் பாக்கி என்றாள் பிரபா. அவளுடைய ஆராய்ச்சியில் மூன்றாவது ஆளாகக் கங்கம்மாளைச் சேர்த்துக்கொண்டாள்.

முதல் ஆள் பிழைத்துக்கொண்டார். இரண்டாவது ஆள் ஐசக் சார், ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் பிரபாவின் முகம் வாடிவிடும். இந்த வைத்தியத்தில் ஒரு கண்டம் இருக்கிறது. புது அணுக்கள் கேன்சரோடு சண்டை போடும்போது சில பேருக்கு அந்த உக்கிரம் மூளைக்கும் ஏறிவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் தினமும் பத்து மார்க்குக் கேள்வி வைத்திருக்கிறார்கள். என்ன வருஷம், என்ன மாசம், இது எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, இதோ இது பேனாவா கடிகாரமா என்று கேட்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் கீழே இறங்கச் சொல்வார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். ஐசக் சார் தினமும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்து முழு மார்க் வாங்கினார். ஒருநாள் சாயங்காலம்கூட அப்படித்தான் எழுதினார். மறுநாள் காலையில் வலிப்பு வந்து, அதோடு போய்விட்டார்.

"ஆயுசுக்கும் போர்டுல எழுதின கை அது. மூளை கலங்குனாலும் அந்தக் கை எழுதிக்கினுதான் இருக்கும். நாந்தான் அத நம்பிட்டேன்" என்றாள் என்னிடம்.

கங்கம்மாளுக்கு வந்த சிக்கல் வேறு. அவளுக்கு எழுதத் தெரியாது. நூறிலிருந்து இறங்கவும் தெரியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே எட்டு மார்க்தான் வாங்கினாள். பிரபாவின் கீழே வேலை செய்யும் சின்ன டாக்டர் தினகரன், தேனிப் பக்கத்துப் பையன், எட்டையே முழு மார்க்காக வைத்துக்கொள்ளலாம் மேடம் என்றான். பிரபா ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உத்தரமேரூர் பஸ் ஸ்டாண்டுல நம்ம மினி பஸ் ஏறிட்டீங்க. வூட்டுக்குப் போற வரைக்கும் இன்னா இன்னா வரும்? சொல்லுங்க."

"இன்னாம்மா, வெளாடுறியா?"

"வெளாட்டு இல்லக்கா. நெசமாத்தான் கேக்கறேன்."

கங்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லு என்று தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸில் ஆடிக்கொண்டே போகிறவள் மாதிரி சொன்னாள்.

"பஸ் ஸ்டாண்ட வுட்டா பெட்ரோல் பங்க்கு. அப்பால கூட்டு ரோடு. அப்பால பள்ளிக்கூடம். அப்பால அம்மன் கோயிலு. அப்பால கலங்கலு. அப்பால ரைஸ் மில்லு. அங்க எறங்கி வூட்டுக்கு நடந்துடுவேன்."

"அவ்ளோதான். தெனம் காலைல தினகரன் கேப்பாரு. இதே மாதிரி சொல்லணும்."

வெளியே வந்ததும் தினகரன் கேட்டான். "மேடம், புரோட்டோகால்ல இது இல்லையே?"

"இருக்குற கேள்வி எல்லாத்தையும் கேளு. இதையும் சேர்த்துக் கேளு. படிச்சு வந்தத மட்டும் கேட்டா பத்தாது. வாழ்ந்து வந்ததையும் கேட்டாதான் எனக்கு நிம்மதி" என்றாள் பிரபா.

அணுக்களை ஏற்றிய இரண்டாம் நாளே காய்ச்சல் அனலாக அடித்தது. கங்கம்மாளைக் கண்ணாடி அறைக்குள் தனியாக வைத்திருந்தார்கள். நானும் பிரியங்காவும் வெளியே நின்று பார்ப்போம். நான் பயந்துபோய்ப் பிரபாவிடம் கேட்டதற்கு, காய்ச்சல் வந்தா நாத்து வேர் புடிக்குதுன்னு அர்த்தம், பயப்படாத என்றாள். சொன்னாளே தவிர, அவளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கினார்கள். தினமும் காலையில் தினகரன் உள்ளே போய்க் கேள்வி கேட்டுவிட்டு வருவான். பெட்ரோல் பங்க்கிலிருந்து ரைஸ் மில் வரைக்கும் எல்லாம் வரிசையாக வந்தது.

காய்ச்சல் விட்ட மறுநாள் பிரியங்காவுக்குத் துணிமணி கொடுத்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். பிரபாவின் அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தினகரன் சிரித்த முகமாக உள்ளே வந்தான்.

"கங்கம்மா இன்னைக்கு நல்லா இருக்காங்க மேடம். ஜுரம் சுத்தமா இல்ல. எப்பவும் வாங்குற மார்க் அப்படியே வாங்கிட்டாங்க. பஸ் ரூட்டையும் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

"எங்க எறங்குனாங்களாம்?" பிரபா இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவங்க காலனி வாசல்லயே. கலங்கல் தாண்டுனதும் வீட்டுக்கிட்ட இறங்கிட்டாங்களாம்."

பிரபா இட்லியைத் தட்டிலேயே போட்டாள். குழாயில் கையை நீட்டியும் நீட்டாமலும் வெளியே ஓடினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடு அங்கேதான் இருக்கிறது, அங்கே இறங்கினாள், இதில் ஓடுவதற்கு என்ன இருக்கிறது? நான் பத்தாவது முடித்ததும் அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த பஸ்ஸில் ஏறி எத்தனையோ காலமாகிறது.

கண்ணாடிக்கு வெளியே பிரியங்கா பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும். பிரபா முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் குனிந்து நின்றாள்.

"கலங்கலுக்கு அப்பால இன்னாக்கா?"

"எங்க காலனிதாம்மா." கங்கம்மாளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "கண்டக்டரு பெல்லு அடிச்சி நிறுத்துனாரு. பாத்து எறங்கும்மான்னாரு. கூடையக்கூட அவரேதான் எறக்கிக் குடுத்தாரு."

பிரியங்கா என் பக்கம் திரும்பினாள். காலனிப் பிள்ளைகளுக்கு நான் நைனா. அவள் கண் நிறைந்திருந்தது.

"அங்க பஸ்ஸு நிக்காது நைனா. கை காட்டிக்கினு நின்னாலும் பூடுவாங்க. ரைஸ் மில்லுல எறங்கித் திரும்பி நடந்து வரணும். அம்மான்னா? எங்கள எப்ப அம்மான்னு கூப்ட்டுக்கீறாங்க? ஏய் எறங்குன்னுதான் சொல்லுவாங்க."

பிரபா வெளியே வந்தாள். ஸ்டீராய்டு ஊசியை உடனே போடச் சொன்னாள். தினகரன் தயங்கினான். அவனைக் குறை சொல்லக்கூடாது, அவன் படித்தபடி பேசினான். ஸ்டீராய்டு மூளையைக் காப்பாற்றும். ஆனால் புதிதாக ஏற்றின அணுக்களையும் அடக்கிப் போடும். தேவையில்லாமல் கொடுத்தால், நட்ட நாற்றின் மேலேயே களைக்கொல்லி அடித்த கதையாகிவிடும். அப்புறம் கங்கம்மாளுக்குக் கொடுக்க வேறு வைத்தியம் கிடையாது.

"மார்க்குல ஒண்ணும் குறையல மேடம். ஒரே ஒரு பஸ் ஸ்டாப்ப வச்சு எப்படி முடிவு பண்றது? ஒருவேளை இப்ப அங்க நிறுத்துறாங்களோ என்னமோ."

"நிக்காது டாக்டர்" என்றாள் பிரியங்கா.

"நான் ஸ்கூலுக்குப் போன காலமெல்லாம் அந்த பஸ்ஸுல போனவ தினா" என்றாள் பிரபா. "ஜன்னலோரம்தான் உக்காருவேன். அந்த எடத்துல புள்ளையத் தூக்கிக்கினு, கூடையத் தூக்கிக்கினு கை காட்டறவங்களத் தெனம் பாத்துருக்கேன். பஸ் ஒரு நாளும் நின்னதில்ல. அந்தக் காலனிக்காரங்க யாரும் அத மறக்க மாட்டாங்க. அவங்க மறந்துட்டாங்கன்னா மூளைல ஏதோ ஆரம்பிச்சிடுச்சி. போடு ஊசிய."

ஊசி போட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் பூராவும் அவள் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதா, சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தப்பென்றால் கேன்சர் மிஞ்சிவிடும். சரியென்றால் மூளை. நாலு மணி வாக்கில் தினகரன் ஒரு ஸ்பூனைக் காட்டி இது என்ன என்று கேட்டான். கங்கம்மாள், இது, இது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெயர் வரவில்லை. விளக்குப் போடுகிற நேரத்துக்குப் பேச்சே நின்றுவிட்டது, கைவிரல் நடுங்கியது, மகளைப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊசி காலையிலேயே உள்ளே போயிருக்காவிட்டால் ஐசக் சார் மாதிரி ஆகியிருக்கும் என்று தினகரனே என்னிடம் வந்து சொன்னான். பையன் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் அவன் தோளைத் தட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

பிரபா அந்த வார்டை விட்டு அசையவில்லை. நானும் ஊருக்குப் போகவில்லை. அறுப்புக்கு ஆள் சொல்லி வைத்திருந்தேன், போனிலேயே தள்ளிப் போட்டேன். இரண்டு நாள் கங்கம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, தண்ணி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பிரியங்கா எங்கே என்றாள். பிரபா அவசரப்படவில்லை. தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல ஏறிட்டீங்கக்கா."

"மறுபடியுமா?" கங்கம்மாள் பெருமூச்சு விட்டாள். "பங்க்கு. கூட்டு ரோடு. பள்ளிக்கூடம். கோயிலு. கலங்கலு. ரைஸ் மில்லு."

"நடுவுல உங்க காலனி வருமே. அங்க எறங்கலாமே?"

"அங்க எங்க நிறுத்தறான் அவன்? கையக் காட்டிக்கினே கெடந்தா, கண்ணு தெரியாதவன் மாரி பூடுவான். நீ பாத்ததில்லியா?"

தினகரன் கை தட்டிவிட்டான். நர்ஸ் சிரித்தாள். பிரியங்கா அழுதுகொண்டே சிரித்தாள். பிரபாவும் கை தட்டிச் சிரித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்புறம் வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகமூடியைக் கழற்றவில்லை. அது நனைந்துகொண்டிருந்தது.

"இன்னாச்சி? நல்லாதானே கீறாங்க?"

"நல்லாதாண்ணா கீறாங்க. பஸ்ஸு அவங்கள அங்க எறக்கி வுடலன்னு சொல்றாங்க. அதக் கேட்டுக் கை தட்டுறேன் நான். அதான் சரியான பதில்னு மார்க்குப் போடுறேன்." மூக்கை உறிஞ்சினாள். "இத்தினி நாளா அது எனக்குத் தெரிஞ்ச விசயந்தானே."

நான் அவள் முதுகில் கை வைத்தேன். சின்ன வயசில் விழுந்து அழுதால் வைப்பேன், அதற்கப்புறம் அன்றைக்குத்தான் வைத்தேன்.

கங்கம்மாள் தேறிவிட்டாள். ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. களைக்கொல்லிக்குத் தப்பி நாற்று பிழைத்துக்கொண்டது. குணமாகிவிட்டதா என்று கேட்டால் பிரபா பிடி கொடுக்க மாட்டாள். இப்போதைக்கு நோய் இல்லை, இரண்டு வருஷம் போகட்டும், அப்புறம் கேள் என்பாள். கங்கம்மாளுக்கு அந்த நாட்கள் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. நான் காரில் வீட்டுக்கு அழைத்துவரும்போது, தான் என்னென்ன உளறினோம் என்று மகளிடம் கேட்டாள். பிரியங்கா சொன்னாள். கங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கண்டக்டரு என்ன அம்மான்னானா? கூடைய வேற எறக்கிக் குடுத்தானா? அப்பவே தெரியவோணாவா எனக்குக் கிறுக்குப் புடிச்சிக்கிச்சின்னு?"

அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ செய்தது. மினி பஸ்ஸின் சொந்தக்காரன் வேதகிரி என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனிடம் போய்ச் சொன்னேன். டைமிங் கெட்டுவிடும் என்றான். கலங்கலில் நின்று டிரைவர் டீ குடிக்கும்போது கெடாத டைமிங் இங்கே எப்படிக் கெடும் என்று கேட்டேன். மற்ற பாசஞ்சர்கள் முகம் சுளிப்பார்கள் என்று இழுத்தான். அதுதான் உண்மையான காரணம், எனக்கும் தெரியும். வாய்ச்சண்டை முற்றிவிட்டது. பொங்கலுக்கு உன் அம்மா முட்டியைக் காட்ட எங்கள் வாசலுக்கு வருவார்கள் இல்லையா, நான் நாற்காலி போட மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு அப்படித்தான் வரும்.

நான் கத்தினதால்தான் பஸ் நின்றது என்று சொன்னால் பிரியங்கா சிரிப்பாள். மறு வாரம் காலனிப் பெண்கள் எல்லாரும் காலையில் ரோட்டுக்கு நடுவே வந்து நின்றார்கள். பிரியங்காதான் முன்னால். கத்தவில்லை, கல்லெறியவில்லை, கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். டிரைவருக்கு பிரேக் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறி, டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாளும் நின்றார்கள், அதற்கு மறுநாளும் நின்றார்கள். வேதகிரி போன் போட்டு என்னிடம் புலம்பினான். நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு, பேசாமல் நிறுத்திடுடா என்றேன். அதற்கப்புறம் பஸ் அங்கே நிற்கிறது.

இதை நான் பிரபாவிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு வருவாள், அந்த பஸ்ஸிலேயே ஏற்றிக் கூட்டிவந்து நேரில் காட்டலாம் என்று ஆசை. பிரியங்காவிடமும் சொல்லிவிடாதே என்று சொல்லி வைத்திருந்தேன். அதற்கு முன்னால் கங்கம்மாளுக்கு செக்கப் வரும் என்று நான் யோசிக்கவில்லை.

வழக்கம்போல என் காரில்தான் போனோம். பிரபா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். விரல் எங்கேயும் நிற்காமல் ஓடிவந்தது. அக்குளையும் வயிற்றையும் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. தினகரன் கிளம்புகிற நேரத்தில், பழக்கம் விடாமல், பஸ் ஏறிட்டீங்கம்மா என்றான். பிரபா மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே காதைக் கொடுத்தாள்.

"பங்க்கு, கூட்டு ரோடு, பள்ளிக்கூடம், கோயிலு, கலங்கலு. அப்பால எங்க காலனி. எறங்கி வூட்டுக்குப் பூடுவேன்."

பேனா நின்றது. பிரபா நாற்காலியை அப்படியே பின்னால் தள்ளிவிட்டு எழுந்து கங்கம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வெரல நீட்டுங்க. என்னப் பாருங்க. இது இன்னா மாசம்?"

தினகரன் படுக்கை இருக்கிறதா என்று கேட்கப் போனைக் கையில் எடுத்துவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பிரியங்கா குறுக்கே புகுந்தாள்.

"மேடம், மேடம், இப்ப அங்க நிக்குது. நெசமாவே நிக்குது. நைனாதான் சொல்ல வோணாம்னாரு."

பிரபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, என்னையும் நம்பவில்லை, பிரியங்காவையும் நம்பவில்லை. கங்கம்மாளின் கையை விடாமல் அவளிடமே கேட்டாள்.

"அங்க எறங்கும்போது கண்டக்டரு இன்னா சொன்னாருக்கா?"

கங்கம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இன்னா சொல்லுவான்? ஏய் கெய்வி, சீக்கிரம் எறங்குன்னான். பஸ்ஸுதாம்மா நிக்குது. அம்மான்னு கூப்புட இன்னும் நாளாவும்."

பிரபா குனிந்து அந்தக் கைகளில் நெற்றியை வைத்தாள். அப்புறம் தலையைத் தூக்காமலேயே தினகரனிடம், முழு மார்க் போடு என்றாள்.